விடைத்தாளும் கட்டுரையும்: இந்தியப் பல்கலைக்கழக மாணவர் எழுதக் கற்ற வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

1858ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. எழுதியவர்களில் ஒருவர்கூட எல்லாப் பாடங்களிலும் தேறவில்லை. ஆறு பாடங்களில் ஐந்தில் நன்றாகத் தேறி, எஞ்சிய ஒன்றில் ஏழு மதிப்பெண்ணுக்கு மிகாமல் குறைந்திருந்த இருவருக்குக் கருணை மதிப்பெண் அளித்துப் பட்டம் வழங்குவதெனச் சிண்டிகேட் முடிவு செய்தது. ஒருவர் ஜதுநாத் போஸ். மற்றவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாய். பின்னாளில் வங்க உரைநடையின் போக்கையே மாற்றியவர் கருணை மதிப்பெண்ணில் கரையேறினார் என்பதால் இச்செய்தி சுவையாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் இதற்குள் வேறொரு கேள்வி கிடக்கிறது. அவ்விருவருக்கும், அவர்களுக்குப் பின் வந்த பல்லாயிரவருக்கும், பல்கலைக்கழகத்தில் எழுதுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர் யார்?

பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கவில்லை, அது அதன் வேலையாகவே கருதப்படவில்லை. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிறுவப்பட்டவை 1836இல் தோன்றிய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வடிக்கப்பட்டவை. செனட் உண்டு, சிண்டிகேட் உண்டு, பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு. வகுப்பறை மட்டும் இல்லை. கற்பித்தல் இணைப்புக் கல்லூரிகளின் பொறுப்பு. ஆக மாணவரும் பல்கலைக்கழகமும் நேருக்கு நேர் சந்தித்த ஒரே இடம் விடைத்தாள்தான். அவ்விடைத்தாளை எழுதியவர் மறுபடி பார்ப்பதில்லை. எந்த வாக்கியம் தெளிவாக இருந்தது, எந்த வாதம் பாதியில் நின்றது, எங்கே சான்று போதவில்லை என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. ஓர் எண்ணோ ஒரு வகுப்போ மட்டும் திரும்பி வரும். எழுத்துத் திறன் என்பது திருத்தத்தால் வளர்வது. திருத்தம் என்ற ஒன்றையே அமைப்பிலிருந்து நீக்கிவிட்டுத்தான் இந்தியாவின் நவீன உயர்கல்வி தொடங்கியது.

இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். விரிவுரையாளர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொண்டார்; எழுதியதை உருப்போட்டார்; உருப்போட்டதைத் தேர்வில் இறக்கி வைத்தார். பாடநூலுக்கு உரை, உரைக்குச் சுருக்கம், சுருக்கத்துக்கு வினா விடை என்று 'நோட்ஸ்' வணிகம் தழைத்தது. தமிழ்நாட்டில் படித்தவர் எவருக்கும் அய்யன்பெருமாள் கோனாரின் உரைநூல் வரிசையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வங்காளத்திலும் பம்பாயிலும் அதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வகை நூல்களுக்கு நிலையான சந்தை இருந்தது.

இந்த மனப்பாடப் பழக்கத்தை ஆங்கிலேய அதிகாரிகள் இந்திய மனத்தின் குறையாகவே பேசினர். கர்சன் 1902இல் அமைத்த பல்கலைக்கழகக் குழுவுக்கும், 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்துக்கும் பின்னால் இந்தக் குற்றச்சாட்டு இருந்தது. அதே காலத்தில் லண்டனில் ஐ.சி.எஸ். தேர்வுக்கு உருப்போட வைப்பதற்கென்றே தனிப்பயிற்சிக் கூடங்கள் நடந்தன என்பதும், குற்றம் சாட்டிய அதிகாரிகளுள் பலர் அவற்றின் வழியாக வந்தவர்கள் என்பதும் பேச்சில் வரவில்லை. மொழியியல் நோக்கில் பார்த்தால் மனப்பாடம் பகுத்தறிவுக்கு ஒவ்வாத செயலன்று. வரலாற்றையும் தத்துவத்தையும் தான் வீட்டில் பேசாத ஒரு மொழியில் மூன்று மணி நேரத்துக்குள் எழுத வேண்டிய பதினெட்டு வயது மாணவருக்கு, பிறர் அமைத்த பிழையற்ற வாக்கியத்தை அப்படியே நினைவில் கொள்வது தானாக ஒரு வாக்கியத்தை அமைப்பதைவிடப் பாதுகாப்பானது. சொந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை வரலாம். கடன் வாங்கிய வாக்கியத்தில் வராது. தேர்வுமுறை எதற்கு மதிப்பெண் கொடுத்ததோ அதையே மாணவர் செய்தார்.

இது நம் மரபிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்வாரும் உண்டு. அதுவும் முழு உண்மையன்று. நிகண்டும் எண்சுவடியும் மனப்பாடமாக இருந்தன என்பது சரியே. ஆனால் 1870களில் உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பெற்ற கல்விக்குப் 'பாடம் கேட்டல்' என்று பெயர். செய்யுள் நினைவில் இருப்பது அக்கல்வியின் தொடக்கம் மட்டுமே. ஆசிரியர் முன் அமர்ந்து பொருள் கேட்பதும், ஐயம் எழுப்புவதும், ஆசிரியர் புதிதாகப் பாடும் செய்யுளை உடனிருந்து ஏட்டில் எழுதுவதும் அதன் பகுதிகள். கற்பவரின் பிழை அந்த இடத்திலேயே திருத்தப்பட்டது. காலனியத் தேர்வு மரபிலிருந்து மனப்பாடத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சூழ்ந்திருந்த உரையாடலை விட்டுவிட்டது எனலாம்.

வேறொரு வகை எழுத்து உலகில் இருந்ததா? இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்லினில் லியோபோல்ட் ஃபான் ராங்கே போன்றோர் வளர்த்த கருத்தரங்கு முறை அது. மாணவர் சிலர் ஆசிரியரோடு ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் தாம் எழுதி வந்ததை வாசிப்பார். மற்றவர்கள் சான்றுகளைக் கேட்பர். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இம்முறையை வரித்துக்கொண்டன. இந்தியாவில் அதன் பெறுபேறு முதலில் ஒரு தனி மனிதரின் வாழ்வில் தெரிகிறது.

பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்த அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916 மே 9 அன்று மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். அது மறு ஆண்டு 'இண்டியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சேறியது. சாதி ஆய்வின் வரலாற்றில் அக்கட்டுரைக்குள்ள இடம் பலமுறை பேசப்பட்டது. ஒரு மாணவர் எழுதிய பயிற்சிக் கட்டுரை என்ற அளவில் அதன் கட்டமைப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரும் சாதிக்குக் கொடுத்த வரையறைகளை அது முதலில் அடுக்குகிறது. ஒவ்வொன்றிலும் எது பொருந்துகிறது, எது விடுபடுகிறது என்று சோதிக்கிறது. பிறகு அகமணமே சாதியின் சாரம் என்ற தன் கருத்தை வைக்கிறது. ஆண், பெண் எண்ணிக்கைச் சமநிலை குலையும்போது ஒரு குழு அதை எப்படிக் கையாள்கிறது என்பதிலிருந்து சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவற்றை விளக்குகிறது. பிறர் சொன்னதைச் சொல்லுதல், அதை அளந்து பார்த்தல், தான் சொல்லுதல்: இன்று ஆராய்ச்சி மாணவர்களுக்கு 'இலக்கிய மீளாய்வு' என்று தனியாகக் கற்பிக்கப்படும் செயல் இதுவேயாகும். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எந்த விடைத்தாளும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. ரிஸ்லியைத் தவறென்று சொல்லும் ஒரு மாணவருக்கு இந்தியத் தேர்வுக் கூடத்தில் என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்பது சுவையான கேள்வி.

இத்தகைய எழுத்தும் ஒரே வீச்சில் கைவந்ததன்று. லண்டன் பொருளியல் பள்ளிக்கு அவர் அளித்த ரூபாய்ச் சிக்கல் பற்றிய ஆய்வேடு 1923இல் தேர்வாளர்களின் ஆட்சேபத்துக்கு உள்ளானது. திருத்தி மீண்டும் அளித்த பிறகே அவ்வாண்டின் பிற்பகுதியில் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. திருத்தி எழுதச் சொன்னார்கள் என்பதைத் தோல்வியாகக் கருதி ஆய்வைக் கைவிடும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

அம்பேத்கர் லண்டனிலிருந்து இந்தியா திரும்பிய ஆண்டில்தான், 1917இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நிலையை ஆராய லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. அசுதோஷ் முகர்ஜி, ஜியாவுதீன் அகமது, ராம்சே மியூர், ஃபிலிப் ஹார்டாக் முதலியோர் உறுப்பினர். 1919இல் 13 தொகுதிகளாக வெளிவந்த அதன் அறிக்கை, ஏறத்தாழ 26,000 மாணவர்களை ஒரே தேர்வு இயந்திரம் அரைத்துக்கொண்டிருந்ததைக் காட்டியது. இன்டர்மீடியட் வகுப்புகள் உண்மையில் பள்ளிக் கல்வியைச் சேர்ந்தவை, அவற்றைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்றது. உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம், கணிதம் நீங்கலான பாடங்களைத் தாய்மொழியில் நடத்தலாம் என்றது. விரிவுரையை மட்டும் நம்பாமல், சிறு குழுக்களாக ஆசிரியரைச் சந்தித்து எழுதியதைக் காட்டும் டியூட்டோரியல் முறை வேண்டும் என்றது.

ஆணைய உறுப்பினர்களுள் ஹார்டாக்கை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். இந்தியக் கல்வி வரலாற்றைப் படிப்போர் அவர் பெயரை அறிவது 1931இல் காந்தியோடு நடந்த விவாதத்தால்தான். பிரித்தானிய ஆட்சிக்கு முன் இந்தியாவில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது என்று காந்தி லண்டனில் பேசியபோது, சான்று எங்கே என்று விடாமல் கேட்டவர் அவர். பிற்காலத்தில் தரம்பாலின் நூலும் அந்த விவாதத்திலிருந்தே தொடங்கியது. அந்தக் கறாரான எதிர்வாதியின் உருவத்துக்குப் பின்னால் மறைந்துபோனது மற்றொரு முகம். வேதியியல் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் பதிவாளராகப் பணியாற்றிய அவர், 1907இல் ஆங்கில எழுத்துப் பயிற்சி குறித்து ஒரு நூல் எழுதியிருந்தார். இங்கிலாந்துப் பள்ளிகள் தம் மாணவர்களுக்குச் சொந்த மொழியில் எழுதவே கற்பிக்கவில்லை என்பது அந்நூலின் குறை; பிரான்சில் தாய்மொழிக் கட்டுரைப் பயிற்சி முறையாக நடப்பதை அது எடுத்துக்காட்டாக வைத்தது. யாருக்காக, எதற்காக எழுதுகிறோம் என்பது தெரியாமல் எழுதப்படும் கட்டுரை வீண் என்பது அவர் கருத்தின் மையம். இந்தியருக்கு ஆங்கிலம் எழுத வராது என்று கேலி நடந்த காலத்தில், ஆங்கிலேயருக்கே அது சரியாகக் கற்பிக்கப்படவில்லை என்று வாதிட்ட ஒருவர் கல்கத்தா ஆணையத்தில் அமர்ந்திருந்தார்.

அவரே 1921 ஜூலையில் திறக்கப்பட்ட டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார். வங்கப் பிரிவினை ரத்தானதற்கு ஈடாக அறிவிக்கப்பட்டது என்பதாலும், கிழக்கு வங்க முஸ்லிம் மாணவர் பெருவாரியாகப் பயன்பெறுவர் என்பதாலும் கல்கத்தாவின் மேல்தட்டினர் அதைப் 'மெக்கா பல்கலைக்கழகம்' என்று ஏளனம் செய்தனர். ஏளனம் ஒருபுறம் இருக்க, அமைப்பில் அது புதியது. இணைப்புக் கல்லூரிகள் இல்லை. கற்பிப்பதும் தேர்வு நடத்துவதும் ஒரே நிறுவனம். டாக்காக் கல்லூரியும் ஜகந்நாத் கல்லூரியும் இன்டர்மீடியட் கல்லூரிகளாயின. ஆனர்ஸ் படிப்புக்கு மூன்றாண்டு. டாக்கா ஹால், ஜகந்நாத் ஹால், சலிமுல்லா முஸ்லிம் ஹால் என்ற மூன்று விடுதிகளில் ஒன்றோடு ஒவ்வொரு மாணவரும் இணைக்கப்பட்டார். தொடக்கத்தில் ஆசிரியர் சுமார் 60 பேர். ஹரப்பிரசாத் சாஸ்திரி, ரமேஷ் சந்திர மஜும்தார், முகம்மது ஷஹீதுல்லா போன்றோர் அதில் இருந்தனர். ஆங்கில எம்.ஏ. வகுப்பில் சேர்ந்த லீலா நாக் அங்கே சேர்ந்த முதல் பெண் மாணவர்.

ஆசிரியரும் எழுதுபவராக இருக்கும் இடத்தில்தான் மாணவருக்கு எழுத்து பழகும் என்பதற்கு டாக்காவின் இயற்பியல் துறையே போதும். 1921இல் ரீடராகச் சேர்ந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்க் விதியை வகுப்பில் விளக்க வேண்டியிருந்தது. அதுவரையிலான நிறுவல்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அந்த அதிருப்தியிலிருந்து பிறந்த சிறிய கட்டுரையை 1924 ஜூனில் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அவர் அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார்.

அதே ஆண்டுகளில், அதே ஊரில், மற்றொருவர் மாணவரின் படிப்புத் திறனை வேறு முனையிலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் மைக்கேல் வெஸ்ட். 1926இல் வெளியான அவருடைய இருமொழியம் பற்றிய அறிக்கை, வங்க மாணவருக்கு ஆங்கிலம் எதற்குத் தேவை என்று நேராகக் கேட்டது. பேசுவதற்கன்று, படித்து அறிவு பெறுவதற்கு என்பது அவர் விடை. ஆகவே வாசிப்பை முதலில் கற்பிக்க வேண்டும். அப்போதிருந்த பாடநூல்களில் புதுச்சொற்கள் நெருக்கமாகக் குவிந்திருந்தன. பக்கத்துக்குப் பக்கம் தடுக்கி விழுந்த மாணவர் பொருளை விட்டுவிட்டுச் சொல்லையே துரத்தினார். வெஸ்ட் சொற்களைக் குறைத்து, இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தும் வாசகங்களை எழுதினார். வாய்விட்டு ஒப்பிப்பதற்குப் பதிலாக மௌனமாக வாசிப்பதை வற்புறுத்தினார். அவர் எழுப்பிய மற்றொரு கேள்வி இன்னும் கூர்மையானது: படிப்பை இடையில் நிறுத்திவிடும் மாணவர், நிறுத்திய அந்த நாள் வரை கற்றதனால் என்ன பயன் பெறுகிறார்? காப்புறுதித் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து இதைச் 'சரண் மதிப்பு' என்றார் அவர். பட்டம் பெறாமல் விலகியவரைக் கணக்கிலேயே கொள்ளாத அமைப்பில் இப்படி ஒருவர் கேட்டது வியப்புக்குரியது.

வெஸ்ட்டின் கருத்தில் குறையும் உண்டு. அவர் உருவாக்க விரும்பிய மாணவர் படிப்பவர்; எழுதுபவரல்லர். அறிவு ஆங்கிலத்தில் வேறெங்கோ உற்பத்தியாகி வரும், வங்காளி அதைப் படித்துக்கொள்வார் என்ற ஏற்பாடு காலனியத்துக்கு நன்றாகவே பொருந்திற்று. ஹார்டாக் எழுத்தைப் பற்றிச் சிந்தித்தார், வெஸ்ட் வாசிப்பைப் பற்றி. நன்றாக வாசிக்கத் தெரியாதவர் பிறர் கருத்தை அளந்து எழுத முடியாது. எழுதிப் பார்க்காதவர் வாசித்ததைத் தனதாக்கிக்கொள்ள முடியாது. இவ்விரு பாதிகளையும் முதலாண்டு மாணவருக்கான ஒரே பாடமாக இணைக்க எவரும் முனையவில்லை. வெஸ்ட்டின் முறை பள்ளிப் பாடநூல்களுக்குள் சென்றது. பிற்பாடு 1953இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட அவருடைய பொதுச் சொற்பட்டியல் உலகெங்கும் பரவியது. டியூட்டோரியல் முறை பல்கலைக்கழகங்களில் கால அட்டவணையில் ஒரு கட்டமாக ஒடுங்கியது. மாணவர் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு ஆசிரியர் எண்ணிக்கை பெருகாதபோது முதலில் பலியாவது டியூட்டோரியல்தான். விரிவுரையில் இருபது பேருக்குப் பதில் இருநூறு பேரை அமர்த்தலாம், திருத்த வேண்டிய கட்டுரையில் அப்படிச் செய்ய இயலாது.

இங்கிலாந்து திரும்பிய ஹார்டாக், ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935இல் தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்தினார். பள்ளிச் சான்றிதழ்த் தேர்வின் வரலாற்று விடைத்தாள்கள் 15, அனுபவமிக்க தேர்வாளர்களிடம் தரப்பட்டன. ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின், அவர்களிடமே அதே தாள்கள் மீண்டும் தரப்பட்டன. ஒப்பிடக்கூடிய 210 தீர்ப்புகளில் 92இல் அதே தேர்வாளர் தம் முந்தைய தீர்ப்பை மாற்றியிருந்தார். தேறியவர் தேறாதவரானார், தேறாதவர் தேறினார். 1858இல் ஏழு மதிப்பெண்ணுக்காகச் சிண்டிகேட் கூடி ஆலோசித்ததை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த ராதாகிருஷ்ணன் ஆணையம் 1949இல் அளித்த அறிக்கையில், உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைப் பரிந்துரைக்கச் சொன்னால் தேர்வுச் சீர்திருத்தத்தையே பரிந்துரைப்போம் என்ற பொருளில் எழுதிற்று. டியூட்டோரியலையும் வற்புறுத்திற்று. கோத்தாரி ஆணையமும் ஏறத்தாழ இதையே சொன்னது. 1969இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பருவமுறையையும் பருவக் கட்டுரைகளையும் நடைமுறைப்படுத்தியது. இந்தி வழியிலும் ஒடியா வழியிலும் தமிழ் வழியிலும் படித்து வந்தவர்கள் அங்கே முதல் பருவத்திலேயே நான்கு ஆங்கில நூல்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதும்படி கேட்கப்பட்டனர். விடைத்தாளிலிருந்து கட்டுரைக்கான மாற்றம் அங்கே நிகழ்ந்தது. ஆனால் கட்டுரை என்றால் என்ன என்பதை எவரேனும் வாய்விட்டுச் சொன்னால் மட்டுமே அது எல்லோருக்கும் எட்டும். சொல்லாதபோது, வீட்டில் அல்லது நல்ல பள்ளியில் அதை ஏற்கெனவே பெற்றவருக்கு அது 'திறமை' என்றும், பெறாதவருக்கு 'தரக்குறைவு' என்றும் பெயர் பெறுகிறது. அங்கே மூத்த மாணவர்கள் விடுதி அறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் இளையவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்த வழக்கம் எந்த ஆணைய அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத்திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது, அறுபது என்ற எல்லைகளில் தண்டனை ஏறிச்செல்லும். பிறருடைய வாக்கியத்தை மாற்றாமல் எழுதியவருக்கு முதல் மதிப்பெண் அளித்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த ஓர் அமைப்பு, அதே செயலுக்கு இப்போது விழுக்காடு கணக்கிட்டுத் தண்டனை விதிக்கிறது. மாணவர்களுக்கு இதில் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. மறு ஆண்டின் இறுதியில் ஆய்வு நெறியும் பதிப்பு நெறியும் பற்றிய இரண்டு மதிப்பலகுப் பாடம் ஒன்றை மானியக் குழு கட்டாயமாக்கியது. அது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கானது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து முதல் நாள் கல்லூரிக்குள் நுழையும் மாணவர், இடையில் எங்கும் நிற்காமல் படித்தால், ஐந்தாண்டுகள் கழித்து அந்த வகுப்பில் அமர்வார்.